பக்கத்து சீட்டு

பெரியவர் அணியை விட்டுப் போகிறார் என்பதை ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம், இரட்டை லிஃப்ட். ஒன்றை நிறுத்திவைத்து, அதன் கூரையில் ஏறிக் கம்பிக் கயிறுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மற்றது ஆட்களோடு என்னைக் கடந்து இறங்கியது.

"பெரியவரை வேண்டாம்னுட்டாங்களாம். வேற டீமுக்குப் போறாராம்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஐயையோ, அப்ப கார்னரை இனிமே யாரு..." என்று இன்னொரு குரல் ஆரம்பித்தது. மீதியை லிஃப்ட் கீழே கொண்டுபோய்விட்டது.

லிஃப்ட் மெக்கானிக்கின் பிழைப்பே இதுதான். முப்பது வருஷமாக ஊர்ப் பேச்சை அரையும் குறையுமாகத்தான் கேட்டு வருகிறேன். முழுதாகக் கேட்டிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஹாக்கி அணியில் பதினேழு வருஷம் ஆடியவர் அவர். இருபத்தோரு வயதிலேயே தலை நரைத்துவிட்டதால் ரசிகர்கள் 'பெரியவர்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது முப்பத்தெட்டு. பெயர் பொருந்த ஆரம்பித்த நேரத்தில் மூட்டையைக் கட்டிவிட்டார்.

அந்த வாரம் ஊரே ஆளுக்கொரு விதமாகப் புலம்பியது. டயர் கடைக்காரர் கல்லாவுக்கு மேலிருந்த அவர் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். மைதானத்தில் எங்கள் பக்கம் மேளம் அடிப்பவர், இனி மேளத்தைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டார். ஒன்பது நாள் தொடவில்லை. எனக்கு வந்தது கோபம். போகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம்தான் வரும். என் மனைவி இறந்தபோதும் முதலில் அதுதான் வந்தது. அழுகை மூன்றாம் நாள் வந்தது.

கோபத்தை யாரிடம் காட்டினேன் என்பதுதான் கதை.

மைதானத்தின் மேல்தட்டில், அங்கே முதல் வரிசையான எஃப் வரிசையில், முப்பத்தொன்றாம் சீட்டு என்னுடையது. பன்னிரண்டு வருஷமாகப் பருவம் முழுவதற்கும் அதே இடத்துக்கு டிக்கெட் வாங்கி வருகிறேன். முப்பத்திரண்டில் தெர்மாஸ்காரம்மா. அவருக்கும் என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தெட்டு. சிவப்புத் தெர்மாஸை முன்னாலிருக்கும் கட்டைச் சுவரில் வைப்பார். இடைவேளையில் எனக்கு மூடியில் ஊற்றித் தந்துவிட்டு அவர் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார். பிஸ்கட்டை நான்காக உடைப்பார், ஆளுக்கு இரண்டு. சனிக்கிழமை அவருக்கு அரை நாள் வேலை என்று தெரியும். என்ன வேலை என்று தெரியாது. பெயரும் தெரியாது. தோளோடு தோள் உட்கார்ந்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டிய அவசியம் என்ன வருகிறது? எங்கள் பேச்சு முழுக்கப் பெரியவர்தான். அவர் தோள்பட்டை, அவர் மட்டை, அவருக்கு வந்த காய்ச்சல். சொந்த மாமனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மனைவி இறந்து இரண்டு ஆட்டம் போகவில்லை. மூன்றாவதற்குப் போனேன். தெர்மாஸ்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. டீயை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, நான் தவறவிட்ட இரண்டு ஆட்டத்தையும் முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை சொன்னார். எந்த கார்னர், எந்தப் பக்கம், கோல்கீப்பர் எப்படி விழுந்தான், எல்லாம். துக்கம் கேட்டு வந்த சொந்தக்காரர்கள் யாரும் அவ்வளவு நேரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் அந்த அமைதி. பெனால்டி கார்னரில் ஒருவர் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார், இன்னொருவர் மட்டையை வைத்து நிறுத்துவார், பெரியவர் அடிப்பார். 'பந்து மட்டையில் வந்து நிற்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் கையை வீசுவேன்' என்று முதல் வருஷமே ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மைதானத்தில் அவர் கார்னருக்கு நின்றால் நாலாயிரம் பேரும் வாயை மூடிக்கொள்வோம். குழந்தை அழுதால்கூட அம்மாக்காரி தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள். ஒருமுறை தெர்மாஸ்காரம்மாவுக்குத் தும்மல் வந்து நான் முறைத்த முறைப்பில் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

என் வீட்டிலும் அமைதிதான். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் மறுநாள் கதவைப் பூட்டும்வரை ஒரு சொல் கிடையாது. அது ஆளைத் தின்னும் அமைதி. மைதானத்தில் கார்னர் அடிக்கும் முன் வரும் அந்த எட்டு விநாடி வேறு மாதிரி. பக்கத்தில் ஒரு மூச்சு நிற்பது கேட்கும். அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பது எனக்கே பிற்பாடுதான் விளங்கியது.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் பெரியவருக்கு வழியனுப்பு விழா. எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். தெர்மாஸ்காரம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் அவரு ஆடுற டீமையும் டிவில பாக்கணும்," என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். "போனவரு போனவருதாங்க. நமக்கு டீம்தான் முக்கியம்," என்றேன். அதோடு விட்டேனா? "இனிமே அவரைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க."

"சரி," என்றார். தெர்மாஸ் மூடியைத் திருகினார். அன்று படியில் இறங்கும்போது எனக்காக நிற்கவில்லை.

பாதி வழியில்தான் உறைத்தது. பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் வேறு எதைப் பேசியிருக்கிறோம்? அவரைப் பற்றிப் பேசாதே என்றால் என்னோடு பேசாதே என்றுதானே ஆகிறது?

ஐந்து மாதம் கழித்துப் புதுப் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். முப்பத்திரண்டு காலி. இரண்டாவது ஆட்டத்திலும் காலி. மூன்றாவதில் ஒருவர் வந்து உட்கார்ந்து, ஆட்டம் முழுக்கக் கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். புதுப்பையன் ஒருவன் கார்னர் அடித்தான். பாதிப் பேர் பழக்கத்தில் வாயை மூடினார்கள், மீதிப் பேர் கத்தினார்கள். கல்யாண வீட்டில் யாரோ விழுந்துவிட்ட மாதிரி ஒரு அரைகுறைச் சத்தம்.

மறுநாள் கிளப்பின் டிக்கெட் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா நல்ல மாதிரிதான்.

"எஃப் முப்பத்திரெண்டு வச்சிருந்தவங்க இந்த வருஷம் வாங்கலையா?"

"யாருங்க, பேரு என்ன?"

"தெரியாதுங்க."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

யோசித்தேன். "பக்கத்து சீட்டு," என்றேன்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அப்படியெல்லாம் விவரம் தரக்கூடாதுங்க," என்று மெதுவாகச் சொன்னார். நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரல்.

அதற்கப்புறம் எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தேதி. பெரியவரின் புது அணி எங்கள் மைதானத்துக்கு ஆட வரும் சனிக்கிழமை. தெர்மாஸ்காரம்மா அவருக்காகத்தானே வந்தார்? அப்படியானால் அன்று நிச்சயம் வருவார், எதிரணி ரசிகர்கள் பக்கம்தான் உட்காருவார். என்னைப்போல முறைக்கிறவர்கள் நடுவில் எதற்கு உட்காரப் போகிறார்? டீம்தான் முக்கியம் என்று பேசின வாய் எதிரணிப் பகுதிக்கு டிக்கெட் வாங்கியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருடன் மாதிரி உள்ளே போனேன்.

வரிசை வரிசையாகத் தேடினேன். கழிப்பறைக்குப் போகிறவன்போல நான்கு தடவை மேலும் கீழும் நடந்தேன். பக்கத்திலிருந்தவர், "என்ன சார், வயிறு சரியில்லையா?" என்று அக்கறையாகக் கேட்டார். தெர்மாஸ்காரம்மா அங்கே இல்லை.

ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரம். எங்கள் அணி ஒரு கோல் முன்னால். தேடிக் களைத்துப்போய் எதிர்ப்பக்கம் பார்த்தேன். மேல்தட்டில், கட்டைச் சுவரின்மேல், சிவப்பாக ஒன்று.

எஃப் முப்பத்திரண்டில் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொன்றில் தன் பையை வைத்திருந்தார். யாரோ ஒருவர் வந்து அந்த இடத்தைக் கேட்க, அவர் கையை வீசி வீசி விரட்டுவது தெரிந்தது. எனக்கு இடம் பிடித்துவைத்திருக்கிறார்! அந்தப் பக்கம் ஓடலாம் என்றால் நடுவில் கம்பிக் கதவு; ரசிகர்கள் சண்டை போடாமலிருக்க ஆட்டம் முடியும்வரை திறக்கமாட்டார்கள். கையை ஆட்டினேன். எதிரணிக் கொடிகளுக்கு நடுவே என் கையை யார் பார்ப்பது?

அப்போது எதிரணிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. பெரியவர் வந்து நின்றார், புது நிறச் சட்டையில், அதே நரைத் தலையோடு.

அவரைக் குழப்பக் கூச்சல் போடவேண்டும் என்று எங்கள் ஆட்கள் ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். மேளக்காரர் குச்சியைக்கூட ஓங்கிவிட்டார். ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? ஓங்கின குச்சி ஓங்கினபடியே நின்றது. மைதானம் முழுக்க வாயை மூடிக்கொண்டது. எதிரி அடிக்கப்போகும் கோலுக்காக எங்கள் ஊர் மூச்சைப் பிடித்தது.

நான் மட்டும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். தெர்மாஸ்காரம்மா முப்பத்தொன்றிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நின்றிருந்தவருக்குத் தலையசைத்தார். அவர் என் இடத்தில் உட்காரப்போனார்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது? வாயைத் திறந்துவிட்டேன், உள்ளே பெயர் இல்லை.

"முப்பத்திரெண்டு!" என்று கத்தினேன். "முப்பத்திரெண்டேய்!"

முப்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து பத்தாவது மாடிக்குக் குரல் கொடுத்த தொண்டை. பெரியவரின் மட்டை அரை விநாடி முந்திவிட்டது. பந்து கோலுக்கு வெளியே போய்ப் பலகையில் மோதியது.

சுற்றியிருந்தவர்கள் என்மேல் பாய்ந்தார்கள். "உளவாளிடா இவன்! அதான் மேலயும் கீழயும் நடந்தான்!" என்று வயிற்றைப் பற்றி விசாரித்தவரே என் சட்டைக் காலரைப் பிடித்தார். காவலாளிகள் வந்து மீட்டு, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் ஊர்க் காவலாளி ஒருவர் போகும்போது முதுகில் தட்டி, "நம்ம டீமைக் காப்பாத்திட்டீங்க சார்," என்றார். அவருக்கு என்ன தெரியும்?

மதிலைச் சுற்றி நடந்து எங்கள் பக்கத்து வாசலில் போய் நின்றேன். உள்ளே ஆரவாரம். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆட்கள் கும்பல் கும்பலாகப் பாடிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கும்பல் குறைந்தது, பாட்டு தெருமுனை தாண்டியது. துப்புரவுக்காரர்கள் துடைப்பத்தோடு உள்ளே போனார்கள். குரல் எட்டவில்லை, வேறு வழியில் போய்விட்டார் என்று முடிவு செய்தேன். அந்த நிமிடம் என் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்து, பயமாகவே இருந்தது.

அப்போது படியில் ஒவ்வொரு காலாக வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கி வந்தார்.

"கத்துனது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அறிவிருக்கா உங்களுக்கு? பந்து எங்கயோ போச்சு. ஒரு தும்மலுக்கு என்னை அந்த முறை முறைச்சீங்க!"

"பேரு தெரியலைங்க. வேற என்ன சொல்லிக் கூப்பிடுறது?"

அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார். நானும் உட்கார்ந்தேன். தயாராக வைத்திருந்த இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன்.

"அதுக்காகவா வரலைன்னு நெனச்சீங்க?" என்றார். "கோவம் ஒரு வாரத்துல போச்சு. முட்டிவலிதான் போகல. இங்க அறுபத்தெட்டுப் படி. ஏறவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். இன்னிக்குப் பெரியவருக்காக ஒரே ஒரு தடவைன்னு ஏறினேன். உங்க எடத்துக்காக மூணு பேரோட சண்டை போட்டேன். நீங்க என்னடான்னா அந்தப் பக்கம் உக்காந்து ஊளை விடுறீங்க." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே வரமுடியாதுங்க," என்றார்.

ஊரெல்லாம் லிஃப்ட் பார்க்கிறேன். இந்த அறுபத்தெட்டுப் படிக்கு ஒரு லிஃப்ட் இல்லை.

"கீழ முதல் வரிசை இருக்குங்க. வேலியோரம். படியே கிடையாது," என்றேன்.

"அங்க மாத்து ஆட்டக்காரங்க உக்கார்ற கொட்டகை மறைக்குமே. ஒண்ணும் தெரியாது."

"தெரியாட்டி என்ன? பாக்கறதுக்கு அங்க யாரு இருக்கா? அவர்தான் போயிட்டாரே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டீம்தான் முக்கியம்னீங்க?"

"சொன்னேன்."

"அப்ப ஒண்ணும் தெரியாத எடத்துல போய் எதுக்கு உக்காரணும்?"

தெரு காலியாக இருந்தது. பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "பக்கத்துல ஒரு ஆள் வேணுங்க," என்றேன். "வீட்டுல யாரும் இல்ல."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மடியிலிருந்த தெர்மாஸைத் திறந்து, மிச்சமிருந்த ஆறின டீயை மூடியில் ஊற்றினார். என்னிடம் நீட்டிக்கொண்டே, நான் கேட்காமலே, தன் பெயரைச் சொன்னார்.