எட்டு

“இந்த வருஷம் ஆண்டு மலர்ல முதல் பக்கம் என் கட்டுரைதான். டீச்சரே சொல்லிட்டாங்க!”

கொட்டாவி இப்படிச் சொன்னதும் பத்தாம் வகுப்பு சிரித்த சிரிப்பில் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடிவிட்டது. கொட்டாவி கடைசி பெஞ்சுக்காரன். அவன் வாயைத் திறந்தால் முன் பெஞ்சில் தாள் பறக்கும். இலக்கியத் தேர்வில் அவன் வாங்கியது நூற்றுக்கு எட்டு. பிள்ளைகள் பக்கத்தில் ஒரு சைபரைப் போட்டு வீட்டில் காட்டிவிடுவார்கள் என்று டீச்சர் மதிப்பெண்ணை எழுத்தில்தான் எழுதுவார். அந்தத் தாளைத்தான் அவன் பட்டயம் மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தான்.

“பாருங்க, ‘எட்டு’ன்னு எழுதியிருக்காங்க. எட்டிப் பிடிடான்னு அர்த்தம்.”

“சூரியன் மேற்கே உதிச்சாலும் நடக்காதுடா, போய்த் தூங்கு” என்றாள் முதல் ரேங்க். ஆறாம் வகுப்பிலிருந்து முதலிடத்தை யாருக்கும் விடாததால் அவளுக்கு அதுவே பெயர். மலரின் முதல் பக்கமும் நான்கு வருடமாக அவளுடையதுதான். நான்கையும் அவள் அப்பா சட்டம் போட்டு மாட்டி, ஐந்தாவதுக்கு ஆணி அடித்து வைத்திருந்தார்.

இந்த வருட மலருக்கான கட்டுரைத் தலைப்பு ‘என் வகுப்பில் ஒருவர்’. முதல் ரேங்க் தன் தோழியைப் பற்றிப் பதினொரு உவமைகளோடு எழுதினாள். படித்துப் பார்த்த தோழிக்கே அது யாரென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை டீச்சர் முதல் பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த தாளோடு வந்தார். இருபத்தாறு வருடம் பிள்ளைகளின் ரத்தம் குடித்த அவரது சிவப்புப் பேனா அதில் ஒரு சுழிகூடச் சுழிக்கவில்லை. வாசித்தார்:

“குறிப்பு நூல் எங்கள் நூலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தேர்வுக்கு முதல் நாள் ஒரு பெண் அதில் அருஞ்சொற்பொருள் பக்கத்தைக் கிழித்தாள். அலமாரிக்குப் பின்னால் படுத்திருந்த எனக்கு வந்த கொட்டாவி பாதியில் நின்றது. கிழித்த இடத்தை, அடிபட்ட பூனையைத் தடவுவதுபோலத் தடவினாள். பிறகு அழுதாள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அவள் எப்படித் தூங்குவாள்? அவள் தூக்கத்தையும் சேர்த்துத்தான் நான் தூங்குகிறேன் போலிருக்கிறது.”

இத்தனை வருடமும் முதல் ரேங்க் தனக்குப் பின்னால் ஒரு மேசைதான் கொட்டாவி விடுகிறது என்று நினைத்திருந்தாள். மேசைக்குக் கண் இருந்திருக்கிறது!

“எழுதினது யாரு தெரியுமா?” டீச்சர் தொண்டையைச் செருமினார். “நம்ம கொட்டாவி.”

பறந்துகொண்டிருந்த ஈ கூட உட்கார்ந்துவிட்டது.

தலைமையாசிரியர் மட்டும் நம்பவில்லை. கொட்டாவியையும், முதல் பக்கத்துக்கு அவனுக்கு அடுத்த இடத்தில் இருந்த முதல் ரேங்க்கையும் தம் அறைக்கு வரவழைத்தார்.

“எட்டு மார்க் வாங்குன கை இதை எழுதுமா? எங்கடா சுட்ட?”

“சத்தியமா என்னுதுதான் சார்.”

“அப்ப அந்தப் பொண்ணு யாரு? பேரைச் சொல்லு, நம்புறேன்.”

கொட்டாவி மின்விசிறியைப் பார்த்தான். “அது கட்டுரையில இல்லியே சார்.”

“சொல்லலேன்னா, காப்பியடிச்சேன்னு எழுதிக் குடு.”

“பேனா இருக்கா சார்?”

அவன் நிஜமாகவே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டான்.

“பாத்தியாம்மா? முதல் பக்கம் உனக்குத்தான்” என்றார் தலைமையாசிரியர். “நம்ம பள்ளிக்கூடத்துல புத்தகத்தைக் கிழிக்கிறதெல்லாம் நடக்குமா? நீயே சொல்லு.”

‘நடக்காது சார்’ என்பது பல்வரை வந்து நின்றது. அதற்குள் அவள் முழங்கையைப் பேனா ஒன்று இடித்தது.

“காப்பிக்கும் அடிச்சேனுக்கும் நடுவுல ஒற்று ஏதாச்சும் வருமா?” என்று கொட்டாவி கிசுகிசுத்தான்.

“வராது” என்றாள் அவள். அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“நடந்துச்சு சார். கிழிச்சது நான்தான்.”