மறுத்தார் என்று எழுதினேன்

முப்பத்தைந்து நாள் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே ‘மறுத்தார்’ என்று எழுதியவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

எங்கள் இல்லம் காலம் முழுக்கத் தங்கும் இடமில்லை. விழுந்து எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, நேரே வீட்டுக்குப் போக முடியாத வயதானவர்களை ஆறு வாரம் வைத்திருந்து, எழ, நடக்க, தானே குளிக்கப் பழக்கி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் இல்லம். வாசல் பலகையில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கைத்தடியை வீசி நடக்கிற படம் இருக்கிறது. அவர் எங்களிடம் வந்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். பதினான்கு கட்டிலுக்குப் பகலில் நாங்கள் இரண்டே பேர்.

கண்டக்டரம்மா ஏழாம் கட்டில். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். கூட்டத்தை அதட்டிய குரல் அப்படியே இருந்தது. இடுப்பில் ஆபரேஷன். வந்த அன்று நிற்கவைத்தபோது தலைசுற்றிச் சாய்ந்துவிட்டதால், அவருடைய தாளில் ‘எழுப்ப இருவர் தேவை’ என்று எழுதினார்கள். அன்றைக்கு அது சரிதான்.

இருவர் என்றால் நானும் என் கூட்டாளியும். நாங்கள் இருவரும் பத்து நிமிஷம் அவரோடு நின்றால் மற்ற பதின்மூன்று பேரில் ஒருவர் ஈரத்தில் கிடப்பார், இன்னொருவர் கழிப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அதனால் காலையில் ஒருமுறை இருவருமாகத் தூக்கி நாற்காலியில் வைப்போம், சாயங்காலம் ஒருமுறை தூக்கிக் கட்டிலில் போடுவோம். நடுவில் டயபர். “பாத்ரூம் போகணும்” என்று வாய்விட்டுக் கேட்கத் தெரிந்த மனுஷிக்கு டயபர். பத்து நாள் கழித்து அவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.

பயிற்சித் தாளில் இரண்டே கட்டம்தான்: ‘செய்தார்’, ‘மறுத்தார்’. முதல் வாரம் ஓரத்தில் ‘ஆள் இல்லை’ என்று எழுதிப் பார்த்தேன். மேனேஜர் கூப்பிட்டார்.

“இதெல்லாம் ஆய்வுக்கு வர்றவங்க படிப்பாங்கம்மா. இருக்குற கட்டத்துல எழுது.”

எழுதினேன்.

தினமும் மூன்று மணிக்கு அவருடைய தங்கை வருவார். பாதிக் கண்பார்வை போய்விட்டது. நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் நம்பர் கேட்டுத்தான் பஸ் ஏறுவார். “அக்கா பஸ்லயே குடித்தனம் நடத்துனவ, தங்கச்சிக்கு நம்பர் தெரியாது பாரு” என்று கண்டக்டரம்மா வம்புக்கு இழுப்பார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். ஒரே வீட்டில் நாற்பது வருஷம். கடிதம் வந்தால் அக்காதான் படித்துச் சொல்ல வேண்டும். மாத்திரை டப்பாவில் எது காலை, எது இரவு என்று அக்காதான் பிரித்து வைக்க வேண்டும்.

வீட்டில் கை கொடுக்கத் தங்கை ஒருத்திதான். ‘இருவர் தேவை’ என்பது ‘ஒருவர் போதும்’ என்று மாறினால் கண்டக்டரம்மா வீட்டுக்குப் போகலாம். மாறாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கிற முதியோர் இல்லம். அங்கே போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மாற்றி எழுத பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும். அவருக்கு எங்களைப் போல நான்கு இல்லங்கள். இரண்டாம் வாரம் வந்தார், தாளைப் பார்த்தார், “பயிற்சிக்கே ஒத்துழைக்கலையே” என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இனி ஆறாம் வாரக் கடைசியில்தான் வருவார்.

மூன்றாம் வாரம் உடம்பு துடைக்கும்போது கண்டக்டரம்மாவின் தொடையைப் பார்த்தேன். வந்தபோது இருந்ததில் பாதிதான் இருந்தது. அன்று மதியம் கூட்டாளி சாப்பிடப் போனதும் திரையை இழுத்துவிட்டேன்.

“எழுந்திரிக்கிறீங்களா?”

“நீ ஒருத்திதானே இருக்க? ரெண்டு பேர் வேணுமாமே.”

“ரெண்டு பேர் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தா நாற்காலியோட வேர் விட்டுருவீங்க.”

“மாட்டுனா உன் வேலை போயிரும்டி.”

“போனாப் போகுது. பெரிய மந்திரி பதவி.”

முதல் நாள் பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். நான்காம் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணும்வரை நின்றார். பிறகு வாக்கரைக் கொடுத்தேன். “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று தன் காலையே அதட்டிக்கொண்டு ஜன்னல்வரை போய் வந்தார். பாத்ரூமுக்கு முதல்முறை நடந்து போன அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதார். நானும் வெளியே நின்று அழுதேன். ஆனாலும் தாளில் ‘மறுத்தார்’ என்றே எழுதினேன். ‘செய்தார்’ என்றால் எழுப்பிய இருவரின் கையெழுத்தும் வேண்டும்.

பரிசோதனை நாள் வந்தது. பிசியோதெரபிஸ்ட், மேனேஜர், தங்கை எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நானும் கூட்டாளியும் பக்கத்துக்கு ஒருவராகப் போனோம். “ஒருத்தி போதும்” என்று கண்டக்டரம்மா கூட்டாளியைத் தள்ளி நிற்கச் சொன்னார். என் கையை மட்டும் பிடித்து எழுந்தார். வாக்கரோடு ஜன்னல்வரை போய்த் திரும்பினார். கால் இழுக்கவில்லை, மூச்சுகூட வாங்கவில்லை. வாக்கர் சத்தத்தைக் கேட்டே தங்கை, “அக்கா நடக்குறா, அக்கா நடக்குறா!” என்று கைதட்டினார்.

பிசியோதெரபிஸ்ட் தாளைப் புரட்டினார்.

“முப்பத்தஞ்சு நாளா பயிற்சிய மறுத்திருக்காங்க. அப்புறம் இது எப்படி? யார் எழுப்புனது?”

எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. இன்னொன்று வந்தால் எந்த இல்லத்திலும் வேலை கிடையாது. மந்திரி பதவி என்று கேலி பேசிய வாய் ஒட்டிக்கொண்டது.

கண்டக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“யாரும் எழுப்பல சார். மத்தியானம் எல்லாரும் அசந்த நேரத்துல நானா எழுந்து நடந்து பழகிக்கிட்டேன்.”

“தனியாவா? யார்கிட்டயும் சொல்லாமலா?”

“ஆமா சார். வீட்டுக்குப் போகணும்ல.”

என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என்னையும் காப்பாற்றியாயிற்று, தானும் வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட் எழுதியதைப் பக்கத்தில் நின்ற நான் படித்தேன். ‘பயிற்சியை மறுப்பவர். உதவியின்றித் தனியாக எழுகிறார். ஆபத்தை உணரவில்லை. வீட்டுக்கு ஏற்றவர் அல்லர்.’ அப்போதும் நேரம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் குனிந்து அவருடைய செருப்பைச் சரிசெய்தேன்.

இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா மேடம்?”

“நீ சொன்னதா நான் எழுதுனா உன்னை வேலைய விட்டு எடுக்கணும். உன்னை எடுத்துட்டா நாளைக்குக் காலையில பதினாலு பேரை யாரு குளிப்பாட்டுவா? தாள் போயாச்சும்மா. போய் வேலையப் பாரு.”

போய் வேலையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்து வண்டி வந்தது. சக்கர நாற்காலியை வாசல்வரை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். தங்கை ஒரு கையில் பையோடு நின்றார். இனி இரண்டு பஸ் மாற வேண்டும்.

“வாரத்துக்கு ஒருவாட்டியாவது வந்துருவேன்க்கா. யாரையாவது கேட்டுக்கிட்டு வந்துருவேன்” என்றார்.

கண்டக்டரம்மா என் பக்கம் திரும்பினார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“ஏம்மா, அன்னைக்கு நான் நல்லாத்தானே நடந்தேன்?”

“நல்லா நடந்தீங்கம்மா.”

“திரும்பி வர்றப்போ கால் கொஞ்சம் இழுத்துச்சோ?”

எனக்காக நீங்கள் சொன்ன பொய்தான் உங்களை அங்கே அனுப்புகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

“கொஞ்சம் இழுத்துச்சும்மா” என்றேன்.

அவர் தலையாட்டினார். தங்கையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“சொன்னேன்ல, இந்தக் காலுதான் காரியத்தைக் கெடுத்துருச்சு. என்னை மன்னிச்சிருடி” என்றார்.