விருந்தாளிகளுக்கு ஒரு கூரை

பேராசிரியர் ஞானசேகரம் வெளிநாட்டு மாணவர்களைக் எங்கள் ஊர் கிண்ணியாவுக்குக் கூட்டிவந்தது என் அக்கா றுக்கியா றாத்தாவுக்கு வீடு கட்டிக் கொடுக்க. அப்படித்தான் சொன்னார். எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, றாத்தா கைக்குழந்தையோடு கிழிந்த தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே இருந்தாள். நான் பேராசிரியரின் பழைய மாணவி, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, வேலையில்லாதவள். ஆகவே சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வந்தவர்களுக்குப் படுக்க இடமில்லை. எனவே வீட்டுக்கென்று வந்த தகரத்தில் முதலில் அவர்களுக்கு ஒரு மண்டபம் எழும்பியது. எழுப்பியவர்களும் அவர்கள் அல்லர். விருந்தாளி மண்வெட்டி பிடித்தால் ஊருக்கு மானக்கேடு என்று எங்கள் ஆண்கள் மண்வெட்டிகளைப் பறித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கதிரைகளைத் தூக்கிவந்து அவர்களை மரநிழலில் இருத்தினார்கள். வேலை செய்யத்தானே விமானமேறி வந்தோம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். நான் மொழிபெயர்த்தேன். என்ன அடக்கமான பிள்ளைகள் என்று மெச்சி, ஊர் இன்னும் இளநீர் வெட்டியது.

றாத்தா முட்டையிடுகிற கோழிகளையும் அறுத்து அவர்களுக்குச் சோறு வைத்தாள். நான் கத்தினேன்.

"வந்த ஆக்களப் பட்டினியா அனுப்பேலுமா, புள்ள?" என்றாள். "நாளைக்கு எங்கட வீட்டக் கட்டப்போற புள்ளைகள்."

அந்த 'நாளை' வரவில்லை, அவர்களுடைய விடுமுறை முடிந்துவிட்டது. பேராசிரியர் 'சர்வதேச மாணவர் நட்புறவு மண்டபம்' என்று பலகை மாட்டி, கதவைப் பூட்டி, சாவியை றாத்தாவின் புருசன் அஸீம் மச்சானிடம் ஒப்படைத்தார். றாத்தாவுக்கு என்று வந்த தகரம் எங்கே என்று கேட்டேன்.

"பரீனா, நீர் சின்னதாய் யோசிக்கிறீர். கூரை இண்டைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். புரிந்துணர்வுதான் நிலைக்கும்."

அடுத்த கிழமை மழை பிடித்தது. புரிந்துணர்வு மண்டபத்துக்குள் நனையாமல் இருந்தது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. மண்டபத்தைத் திறந்து உள்ளே போய் இருங்கள் என்றேன். மச்சான் மறுத்துவிட்டார். சாவி அமானிதமாம். ஒப்படைத்தவர் வரும்வரை திறக்க ஏலாதாம்.

"சாவி உங்களிட்டத் தந்தது. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரல்ல" என்றேன்.

மண்டபத்துக்கு ஏணி வைத்து ஏறினேன். பட்டதாரிப் பெண் கூரையில் ஏறி ஆணி பிடுங்குவதை ஊரே நின்று பார்த்தது. பெண்கள் கீழேயிருந்து தகரங்களை வாங்கி, றாத்தாவின் கூரையில்லாத வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பூட்டில் யாரும் கை வைக்கவில்லை. பின்னேரமே குழந்தை நனையாத இடத்தில் கிடந்தது. மச்சான்தான் உறக்கமில்லாமல் அலைந்தார். பேராசிரியர் சேர் வந்து தகரத்தைக் கேட்டால் பிள்ளையை எங்கே கொண்டுபோவது?

சேர் வந்தார், பணம் தருகிற நிறுவனத்தின் வெள்ளைக்காரப் பெண்மணியோடு. மண்டபத்துக்கு நான்கு சுவர், பூட்டிய கதவு, மேலே வானம்.

"நான்தான் கழற்றினனான், சேர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு றாத்தாவின் வீட்டுக் கூரையைப் பார்த்தார். அதற்குள் அந்தப் பெண்மணி என்ன நடந்தது என்று கேட்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எல்லாம் புயல் செய்த வேலை என்று ஆங்கிலத்தில் சொன்னார். புயலுக்குப் பிறகு கட்டிய மண்டபத்தைப் புயல் எப்படிக் கொண்டுபோகும் என்று அந்தப் பெண்மணிக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பூட்டைக் கிட்ட நின்று படமெடுத்தார்.

மச்சான் என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

"தகரத்தத் திருப்பிக் கேக்கிறாங்களா, புள்ள?"

"இல்ல. இன்னும் பத்துப் பேரக் கூட்டிவாறாங்களாம். மற்ற ஆக்களுக்கு வீடு கட்ட."

மச்சானுக்கு மூச்சு வந்தது. மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கொஞ்சமும் கேலியில்லாமல் சொன்னார்:

"அப்ப முதல்ல இதுக்கு ஒரு கூரை போடவேணும். அவங்க எங்க படுக்கிற?"