எல்லாம் சிவப்பு வயர்

மூன்றாவது முறையாக மெயின் சுவிட்ச் தானாக விழுந்தது. ஹாலின் நடுவே அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் இரைச்சல் நின்றதும், அழுதுகொண்டிருந்தவர்களும் ஓய்ந்தார்கள்.

மகள் நாற்காலியில் ஏறி மின்போர்டின் மூடியைக் கழற்றினாள். அப்பா விடிகாலையில் போனவர். அண்ணன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். வீடு சேரப் பொழுது சாய்ந்துவிடும். அவன் முகம் பார்க்கும்வரை பெட்டி ஓடியாக வேண்டும். ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம் என்றால் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

"ஊரெல்லாம் லிஃப்டை ஏத்தி இறக்குறே, சொந்த வீட்டு கரண்டு அடங்க மாட்டேங்குதே," என்றார் சித்தப்பா. "பேசாம அந்த ட்ரிப் சுவிட்சைக் கழட்டிட்டு கரண்டை நேரா குடுத்துடேன்."

"தரையெல்லாம் தண்ணி, சித்தப்பா. வர்றவங்க பெட்டியைத் தொட்டுத் தொட்டு அழறாங்க. அப்புறம் இன்னொரு பெட்டி சொல்லணும்."

சித்தப்பா வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

போர்டுக்குள் எல்லாமே சிவப்பு வயர். வீடு முழுக்க அப்பாவே இழுத்தது. எது போகிறது, எது வருகிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அவள் லிஃப்ட் மெக்கானிக் ஆன பிறகும் அவர் இந்தப் போர்டைத் தொடவிட்டதில்லை. "உன் கைவரிசையை லிஃப்டுல காட்டு" என்பார்.

ஒரு வயரைக் கழற்றி மெயினைத் தூக்கினாள். விழுந்தது. திரும்ப மாட்டினாள். அடுத்ததைக் கழற்றினாள். தடித்த டேப் சுற்றிய ஒன்றைக் கழற்றியபோது மெயின் விழாமல் நின்றது. ஆனால் பெட்டி ஓடவில்லை. ஹால் உட்பட வீட்டின் எல்லா ப்ளக்குக்கும் போவது அதே வயர்தான். அது சுவருக்குள் நுழைந்து மறைந்துவிட்டது. எங்கே கெட்டிருக்கிறது என்று எந்தச் சுவரை உடைப்பது?

"அது நேரா வராது."

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, நிமிராமலே சொன்னாள்.

"எதும்மா?"

"ஹாலுக்கு வர்றது. சமையல்கட்டுக்குப் போய், சிங்க் பக்கத்து அலமாரிக்குப் பின்னாடி ஒரு முடிச்சு. அப்புறம்தான் இங்க வரும். வயர் எட்டலைன்னு சேர்த்தார். நான்தான் டார்ச் பிடிச்சேன். ஒழுங்கா பிடி, ஒழுங்கா பிடின்னு ஒரே திட்டு. கோவத்துல அணைச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவர் ரோஷம் தெரியாதா? போடுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. இருட்டுலயே முறுக்கி முடிச்சார்."

மகளும் சித்தப்பாவும் அலமாரியை நகர்த்தினார்கள். சிங்க் குழாய் கசிந்து சுவர் ஊறியிருந்தது. டேப் பாதி பிரிந்து முடிச்சு நனைந்து கிடந்தது. மெயினை இறக்கிவிட்டு அதை வெட்டி எடுத்தாள். நல்ல கம்பியாக உரித்துப் புதிதாகச் சேர்த்து, ஈரம் படாமல் ஓர் ஆணியில் தூக்கிக் கட்டினாள். போர்டில் வயரைத் திரும்ப மாட்டி மெயினைத் தூக்கினாள். நின்றது. ஹாலில் பெட்டி இரையத் தொடங்கியது.

அம்மா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பழசு எங்க?"

மகள் கொடுத்தாள். அம்மா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் முறுக்கியிருக்கார்," என்றாள்.

அண்ணன் வந்தபோது ஹால் இருட்டத் தொடங்கியிருந்தது. புதிதாக வருகிறவர்கள் சுவரைத் தடவித் தோற்பார்கள். அப்பா இழுத்த வயரில் ஹால் விளக்கின் சுவிட்ச் ஹாலில் கிடையாது. அவன் பையை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேரே படுக்கையறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் கையை விட்டான். விளக்கு எரிந்தது. பெட்டியின் கண்ணாடிக்குள் அப்பாவின் முகம் தெரிந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் வர நேரமாயிற்று.