கடல் தாண்டாத பணம்

தங்கை அழவில்லை. அதுதான் அவனை உலுக்கிவிட்டது.

"பணம் கொறையுதாம் அண்ணா. முழுசா கட்டினாத்தான் காது மிஷின் குடுப்பாங்களாம். பாப்பாவ திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள் போனில்.

வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான் அவன். தங்கை மகளுக்குக் காது மந்தம். கருவிக்கு வேண்டிய தொகையை ஆஸ்பத்திரிக் கணக்குக்குத் தன் வங்கி மூலம் அனுப்பியிருந்தான். இங்கே வங்கி ஒரு கட்டணம் பிடித்தது. நடுவில் ஊர்பேர் தெரியாத இன்னொரு வங்கி கைவைத்தது. நாணயத்தை மாற்றிய விலையிலும் கொஞ்சம் கரைந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் மனைவி. "மிச்சத்தையும் அவங்ககிட்டயே குடுக்காதீங்க. நான் விசாரிக்கறேன்."

பேக்கரியில் பெட்டி கட்டுபவள் அவள். தக்காளி வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவாள். சனிக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "நான் இவ்வளவு குடுத்தா, அங்க கையில எவ்வளவு கெடைக்கும்?"

'கட்டணமே இல்லை' என்று விளக்குப் போட்டிருந்த கடைதான் இருப்பதிலேயே குறைவாகச் சொன்னது. கட்டணத்தை மாற்று விலைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். "இனிப்பு தடவின கசப்பு மாத்திரை" என்று வெளியே வந்து முணுமுணுத்தாள். கடைசியில் செல்போனிலேயே அனுப்பும் ஒரு நிறுவனம் அகப்பட்டது. கட்டணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். மாற்று விலையும் சந்தை விலைதான். அரசாங்க உரிமம் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அவனை அனுப்ப விட்டாள்.

திங்கட்கிழமை, ஒரு கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றபடி மிச்சப் பணத்தை அனுப்பினான். கை துடைத்து, டீயை ஊற்றுவதற்குள் போன் அடித்தது.

"வந்துடுச்சு அண்ணா!"

"எது வந்துச்சு? இப்பதானே அமுக்கினேன்!"

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆனா, இங்க உள்ளூர் பேங்க்லேருந்து வந்த மாதிரி காட்டுதாம்."

இங்கிருந்து அனுப்பிய பணம் உள்ளூர் பேங்கிலிருந்து எப்படி வரும்? உடனே நிறுவனத்துக்குப் போன் போட்டான். எடுத்த பெண் சிரித்தாள்.

"பயப்படாதீங்க சார். உங்க பணம் இங்கயே எங்க கணக்குல இருக்கு. அங்க எங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு, அதுலேருந்து குடுத்துட்டோம். அங்கேருந்து இங்க அனுப்பறவங்களும் இருக்காங்கல்ல? அதையும் இதையும் நேர் பண்ணிப்போம்."

"அப்ப என் பணம் கடலே தாண்டலையா?"

"இல்ல சார்."

போனை வைத்தவன் அப்படியே நின்றான். எதிரே பெரிய சக்கரம் சுழன்றது. யாரோ மேலே வருகிறார்கள். அதற்கு ஈடாக மறுபக்கம் எடைக்கல் கீழே இறங்குகிறது. லிஃப்டுக்குள் நிற்பவர் அந்தக் கல்லை ஒருநாளும் பார்ப்பதில்லை. அதேபோல் அங்கே ஒரு தகப்பன், இங்கே படிக்கும் மகனுக்குப் பணம் கட்டியிருப்பான். அது பாப்பாவின் காதுக்குப் போயிருக்கும். தன் வியர்வைக் காசு அந்தப் பையனுக்குச் சோறாகும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது. எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த வார இறுதியில் வீடியோவில் வந்தாள் பாப்பா. காதுக்குப் பின்னால் சின்னதாகக் கருவி. தலையைச் சாய்த்து எதையோ கவனித்தாள்.

"மாமா, அங்க என்ன சத்தம்? பொடிப்பொடியா..."

அவனும் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் மழை தூற ஆரம்பித்திருந்தது.