அத்தைக்குத் தெரிந்த மிருகங்கள்

தொழிற்சாலை பெல்ட்டில் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வேளைச் சாப்பாடு, கடைகளின் குளிர்பெட்டிக்குப் போவது. இடது கையால் பெட்டியை நிறுத்தி, வலது கட்டைவிரலால் தேதி லேபிளைத் தேய்த்து ஒட்டி அனுப்ப வேண்டும். அதற்குள் அடுத்தது வந்து இடிக்கும். இருபத்திரண்டு வருடமாக அத்தை அந்த இடத்தில்தான் நிற்கிறாள். கூடம் வருடம் முழுக்கக் குளிர். கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர், கையுறைக்குள் இன்னொரு கையுறை.

அங்கே அவளை முதலில் அத்தை என்று கூப்பிட்டவள் கீழ்த்தளத்தில் தட்டுக் கழுவும் மருமகள். அதைக் கேட்டுவிட்டு நாலைந்து நாடுகளிலிருந்து வந்த பெண்களும் அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர்கூட வருகைப் பதிவில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தான்.

ஒரு நாள் முந்நூறு மீன் பெட்டிகள் காய்கறி லேபிளோடு வெளியே போய்விட்டன. எந்த ஷிஃப்ட், எந்தக் கை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன, வயசாளிகள் இருக்கிறார்களே! அறுபது தாண்டிய ஆறு பெண்களுக்கும் ஞாபகப் பரிசோதனை என்று தாள் வந்தது. ஆறு பேரும் எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். தேறாதவர்கள் பெல்ட்டில் நிற்கக்கூடாது. முதலில் அத்தையை அனுப்பினார்கள். முப்பதுக்குப் பதினொன்று வாங்கினாள்.

"பதினொண்ணா?" என்றான் மகன். "அம்மா, போதும்மா. பேசாம வீட்ல இரு."

"வீட்ல இருந்து என்னடா பண்றது? உன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் சட்டென்று வராதபோது, அது வரும்வரை வாசலிலேயே நின்றாள். வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும், புத்தியும் சேர்ந்து போகிறதோ என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மருமகள் விடுவதாக இல்லை. பரிசோதனைத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு போலீஸ்காரி மாதிரி விசாரித்தாள்.

"அன்னிக்கித் தேதி பதினாலு அத்தை. நீங்க பதினேழுன்னு சொல்லியிருக்கீங்க."

"பதினேழுதானே ஒட்டிட்டிருந்தேன்? மூணு நாள் தள்ளித்தானே லேபிள் வரும். எட்டு மணி நேரம் பதினேழு பதினேழுன்னு ஒட்டிட்டு நேரா அங்க போய் உக்காந்தேன். வாயில அதான் வந்துச்சு."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "சரி, இது? ஒரு நிமிஷத்துல எத்தன மிருகம் முடியுதோ அத்தன சொல்லணுமாம். நீங்க சொன்னது மூணு. கோழி, மீன், மாடு."

"அவங்க பாஷையில எனக்கு லேபிள்ல வர்ற மிருகம் மட்டுந்தான்டி தெரியும்."

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்து அத்தையும் சிரித்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

மறுநாள் மருமகள் லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். விசாரணை ஜன்னலில் தாளை நீட்டி, மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் எப்படிப் பரிசோதனை பண்ணினீர்கள் என்று கேட்டாள். ஃபோனில் ஆள் இருக்கிறார்கள், எல்லா மொழிக்கும் இருக்கிறார்கள் என்று உள்ளே இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்.

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"யாரும் கேக்கலையே."

மருமகள் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பின்னால் வரிசை வாசல் வரை நீண்டது. கடைசியில் ஃபோன் ஆளோடு மறுபரிசோதனைக்கு ஒரு தேதியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

அந்தத் தேதியில் மற்ற ஐந்து பெண்களையும் தொழிற்சாலை அனுப்பியிருந்தது. காலை ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவர்கள். நெற்றியில் தொப்பியின் தடம் அழியாமல் நடைவழி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு ஆள் உள்ளே வரக்கூடாது என்பதால் மருமகளும் அவர்களோடு உட்கார்ந்தாள்.

உள்ளே டாக்டரம்மா மேசை நடுவில் ஃபோனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வணக்கம்மா, கேக்குதுங்களா?" என்றது ஓர் ஆண்குரல்.

"நல்லா கேக்குது தம்பி. சாப்டீங்களா?"

ஃபோன் ஒரு கணம் திகைத்தது. "சாப்டேன்மா. டாக்டர் கேக்கறத உங்ககிட்ட சொல்லுவேன், நீங்க சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். வேற உதவி எதுவும் பண்ணக்கூடாது."

"வேற எதுவும் வேணாம் தம்பி."

முதலில் தேதி கேட்டார்கள்.

"இன்னிக்கித் தேதியா, ஒட்டுற தேதியா? இன்னிக்கி இருபத்தெட்டு, செவ்வாக்கெழம. ஒட்டுறது முப்பத்தொண்ணு. மீனுன்னா முப்பதுதான், அது ரெண்டு நாளுக்கு மேல தாங்காது."

டாக்டரம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். அடுத்தது மிருகங்கள். கடிகாரத்தை அமுக்கினாள்.

"யானை, சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, நரி, ஓநாய், மான், குரங்கு. கருங்குரங்கு வேற, அதையும் எழுதிக்கச் சொல்லுங்க. கீரி, உடும்பு, முயல், அணில், பெருச்சாளி, முள்ளம்பன்னி, மரநாய், எறும்புத்தின்னி..."

அத்தை விரல்களை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். ஃபோன் பின்னாலேயே ஓடியது. மரநாயில் தடுக்கியது, எறும்புத்தின்னியில் நின்றேவிட்டது.

"அம்மா, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்."

"உங்களுக்காக நான் நிக்க முடியுமா தம்பி? நேரம் ஓடுதில்ல!"

டாக்டரம்மா பேர் எழுதுவதை விட்டுவிட்டு வெறும் கோடுகளாகப் போட்டாள். முப்பத்தொரு கோடு விழுந்தது. நேரம் முடிந்த பிறகும், "ஐயோ, கழுதைய விட்டுட்டேனே," என்றாள் அத்தை.

ஞாபகம் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களையும் சொன்ன வரிசையிலேயே திருப்பிச் சொன்னாள். கழித்தலில் மட்டும் இரண்டு தவறின. கழித்தல் அவளுக்கு எட்டு வயதிலேயே வராது. முப்பதுக்கு இருபத்தெட்டு.

"உங்க ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லன்னு டாக்டர் சொல்றாங்கம்மா. பழைய வேலையே பாக்கலாமாம்," என்றது ஃபோன். பிறகு தன் பங்குக்கு, "எனக்கே இத்தன மிருகம் தெரியாதும்மா," என்றது.

"நெசமாவா தம்பி? எனக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கும்பிடு டாக்டரம்மாவுக்கும் ஒரு கும்பிடு ஃபோனுக்கும் போட்டாள்.

வெளியே வந்து முதலில் இரண்டு விரல், பிறகு எட்டு விரல் காட்டினாள். ஐந்து பேரும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது, ஆனாலும் அவரவர் பாஷையில் சத்தமாகப் பேசினார்கள். மருமகள் அத்தையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

நர்ஸ் வந்து அடுத்த பெயரை வாசித்தாள். பெட்டிக்கு மூடி போடும் நெட்டைக்காரி உள்ளே போனாள். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டது வெளியே கேட்டது. பதில் இல்லை. அதே கேள்வியை, அதே மொழியில், இன்னும் சத்தமாகக் கேட்டாள். அதற்கும் பதில் இல்லை.

"இவளுக்கு ஃபோன் வைக்கலியா?" என்றாள் அத்தை.

"ஃபோன் வேணும்னு அவங்க கேட்டிருக்க மாட்டாங்க அத்தை."

அத்தை நேரே போய்க் கதவைத் தள்ளினாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதோடு வைத்து, நெட்டைக்காரிக்குத் தெரிகிற மாதிரி ஆட்டிக் காட்டினாள். "ஃபோன்! கேளு, ஃபோன்!" நீங்கள் போகலாம் என்று டாக்டரம்மா கைகாட்டினாள். அத்தை போகவில்லை. நெட்டைக்காரி தன் கையைப் பார்த்தாள், மெதுவாக விரல்களை விரித்துக் காதுக்குக் கொண்டுபோனாள்.

அத்தை திரும்பி நாற்காலி வரிசைக்கும் அதையே செய்து காட்டினாள்.

அடுத்த பெயரை வாசிக்க நர்ஸ் வெளியே வந்தபோது, நான்கு கைகள் காதோரம் காத்திருந்தன.