சிட்டு போட்ட போன்

பெரிய டீச்சர் பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு தொலைபேசிகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு. இத வச்சு என்ன டீச்சர் பண்ணப்போறீங்க?"

"செல்போன கழட்டிக் காட்டினா பிள்ளைங்களுக்கு என்ன புரியும்?" என்றார் டீச்சர்.

எலக்ட்ரீஷியன் இரண்டையும் நீளமான ஒயரால் இணைத்து, நடுவில் ஒரு பேட்டரியை வைத்துக் கொடுத்தார். ஒன்று வகுப்பறையில், மற்றொன்று பாய்களும் பொம்மைகளும் அடைந்து கிடந்த பக்கத்து அறையில். வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்.

டீச்சர் ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய தகட்டைக் காட்டினார். "எல்லாரும் தொண்டையில கை வச்சு 'ம்'னு சொல்லுங்க. அதிருதா? நீங்க பேசினா காத்து அதிரும். காத்து இந்தத் தகட்ட ஆட்டும். அந்த ஆட்டம் கரண்டுல ஏறி ஒயர் வழியா ஓடும். அந்தப் பக்கம் இன்னொரு தகடு அதே மாதிரி ஆடும். உங்க குரல் அங்க கேக்கும்."

"அப்ப நான் ஒயருக்குள்ள போயிடுவேனா?" என்று ஒருவன் கேட்டான்.

"நீ இங்கயேதான் இருப்பே. உன் குரல் மட்டும் போகும்." அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

வீட்டில் பெரியவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆயாவைப் பிள்ளைகளிடம் நிறுத்தி, டீச்சர் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தார். ரிசீவரை வலது காதில் வைத்துக்கொண்டார். போன வருடம் வந்த காய்ச்சலோடு இடது காது போய்விட்டது. ஒருத்திக்கு மட்டும்தான் அது தெரியும். பாட்டு டீச்சருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து, பரிசோதனை முடிவு வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள். கூடப்பிறந்தவளாக இருந்தாலும் அப்படி இருந்திருக்க மாட்டாள்.

முதல் பிள்ளை சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டது. அடுத்தவன், "ம்... ம்... சரி... வைக்கவா?" என்று ஒன்பது முறை சொன்னான், வைக்கவே இல்லை. டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அடுத்தது சிட்டு, பாட்டு டீச்சரின் மகள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "வணக்கம் மேடம். சாப்ட்டீங்களா மேடம்?"

அச்சு அசல் அம்மாவின் இழுவை. தலைமையாசிரியையோடு பேசும் குரல். "சாப்ட்டேன், சொல்லுங்க," என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கியபடி.

"பெரிய டீச்சர் பத்தித்தான் மேடம். அவங்களுக்கு ஒரு காது சுத்தமா கேக்கல. பிள்ளைங்க பின்னாடி நின்னு கூப்பிட்டாலும் தெரியறதில்ல. பாவமா இருக்கு மேடம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அப்போதே ரிசீவரை வைத்திருக்கலாம். "அப்புறம்?" என்று அவர் வாய் கேட்டுவிட்டது.

"அந்த வகுப்ப நானே பாத்துக்கறேன் மேடம். வச்சிடவா மேடம்?"

குழந்தையின் வாயைக் கிண்டிவிட்டோமே என்று அந்த நிலையிலும் அவருக்குக் கூசியது. "வைம்மா. நல்லா பேசினே," என்றார். மீதிப் பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்பது அவர் மனதில் நிற்கவே இல்லை.

மதியம் பாட்டு டீச்சர் வழக்கம்போல் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை இவர் பக்கம் தள்ளினாள். டீச்சர் தொடவில்லை.

"என் காத பத்தி மேடம்கிட்ட சொன்னியா?"

அவள் கை அப்படியே நின்றது. "அக்கா, யாரு சொன்னா?"

இல்லை என்று ஒரு பேச்சுக்குக்கூட அவள் சொல்லவில்லை.

"உங்க நல்லதுக்குத்தான்க்கா. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நியாயம்தான். அத என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. வகுப்ப எதுக்குக் கேட்டே?"

அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம் ரூம்ல உக்கார்ற அந்த கிளார்க்தானே போட்டுக் கொடுத்தது?" என்றாள்.

சிட்டுவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சாயங்காலம் அந்தப் பிஞ்சு முதுகில் என்ன விழும் என்று நினைத்ததும் உள்ளே போய்விட்டது. "கிளார்க் பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. யாரு என்னன்னு என்னைக் கேக்காதே."

அன்றைக்கே தலைமையாசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் தானே சொன்னார். "நீங்களா வந்து சொல்வீங்கன்னு நாலு நாளா பாத்துட்டிருக்கேன்," என்றார் அந்த அம்மாள். கோபமில்லை. காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டு வந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம், அதுவரை நூலகம். வகுப்பு பாட்டு டீச்சருக்கு.

ஒப்படைக்கும் நாளில் அலமாரிச் சாவியைக் கொடுத்தபோது, "என்மேல கோவமாக்கா?" என்று கேட்டாள் அவள்.

"கடைசி பெஞ்சுப் பையன் தண்ணி கேக்க மாட்டான். நீயாத்தான் குடுக்கணும்," என்றார் டீச்சர். "ஜன்னல் பக்கம் உக்கார்ற ரெண்டு பேரையும் பிரிச்சிடாதே, அழுவாங்க." வேறெதுவும் சொல்லாமல் கிளம்பினார்.

நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தவரிடம் டீ கொண்டுவந்த ஆயா, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையாமே?"

"யாரு சொன்னா? தினமும் வணக்கம் சொல்லிக்கறோமே," என்று டீச்சர் டீயை வாங்கிக்கொண்டார்.